சுயாதீன வீடியோ விளையாட்டு ஆக்கங்களின் விலையும் விற்பனையும்

கலைப்படைப்பு ஒன்று சந்தையை அடையும்போது பண்டமாகின்றது. பண்டமாகும் எதற்கும் விலையொன்று குறிக்கப்படுதல் தவிர்க்கவியலாதது. நூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்வுண்மையும் அதன் விளைவுகளும் நீண்டகாலமாக ஆராயப்பட்டு வந்துள்ளன. ஆயின் கடந்த அரை நூற்றாண்டுக்குள் தோன்றி வளர்ந்து, இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களின் ஓய்வு நேரத்தில் இடம்பிடித்துக்கொண்டுள்ள வீடியோ விளையாட்டுத் துறையில், விலைபற்றிய சிந்தனை பெரும்பாலும் பெருங் கம்பனிகளின் விற்பனைப் பகுதிகளுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கின்றது. அத்துறையில் தனித்து நின்று உழைக்கும் சிறு படைப்பாளர் இப்பிரச்சினையை எவ்வாறு எதிர்கொள்ளல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுயாதீனப் படைப்பாளர் என இங்கு சுட்டப்படுவோர், பெருங் கம்பனிகளின் மூலதனத்தையோ கட்டளையையோ சாராது, தனியொருவராகவும் இருவர் மூவராகவும், சிலவேளை பத்துப் பன்னிருவர் கொண்ட குழுவாகவும் நின்று விளையாட்டுகளை ஆக்குவோராவர். இவர்கள் ஒருவகையில் பழைய கைவினைஞரை ஒத்தவர்கள். உற்பத்திக் கருவியாகிய கணினி இவர்களுடையது, உழைப்பும் இவர்களுடையது, ஆக்கத்தின் உரிமையும் பெரும்பாலும் இவர்களிடமே உண்டு. ஆயின் சந்தைக்குச் செல்லும் பாதை பிறர் கையில் உள்ளது. கைத்தறி நெசவாளரின் வாழ்வை நூல் வணிகரும் துணி வணிகரும் நிர்ணயித்தது போல, இவர்களின் வாழ்வை மென்பொருட் கருவிகளை வழங்குவோரும் இணைய விற்பனைத் தளங்களை உடையோரும் நிர்ணயிக்கின்றனர். விலைப் பிரச்சினையை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

இக்கட்டுரையின் முடிபை முதலிலேயே கூறிவிடலாம். சுயாதீனப் படைப்பாளர் தம் ஆக்கத்துக்குப் பெறும் விலை, அவர் அடுத்த ஆக்கத்தைச் செய்வதற்கு வேண்டிய காலத்தின் விலையாகும். இவ்வளவுகோலைக் கைவிட்டு, அயலவர் விலை குறைத்தார் என்பதற்காகத் தாமும் குறைப்பவர் தம் சுயாதீனத்தையே விற்றுவிடுகின்றார்.

1. பிரதியின் செலவும் படைப்பின் செலவும்

முழுநிறைவான போட்டி நிலவும் சந்தையில் விலையானது எல்லைச் செலவை, அதாவது மேலுமோர் அலகை உற்பத்தி செய்வதற்கான செலவை, நோக்கிச் செல்லும் என்பது பொருளியலின் பாலபாடங்களுள் ஒன்று. இணையவழி விற்கப்படும் விளையாட்டொன்றின் மேலதிகப் பிரதியை ஆக்குவதற்கான செலவோ ஏறத்தாழச் சூனியமாகும். காகிதம் இல்லை, அச்சுக்கூலி இல்லை, களஞ்சிய வாடகையும் இல்லை. இதனை ஆதாரமாகக் கொண்டே, இத்தகைய பண்டங்கள் மிக மலிவாக அல்லது இலவசமாகவே கிடைத்தல் வேண்டும் என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது.

இவ்வாதம் பிரதியின் செலவையும் படைப்பின் செலவையும் ஒன்றெனக் கொள்வதனால் எழுவது. பிரதிக்குச் செலவில்லை என்பது மெய்யே. ஆயின் முதற் பிரதி தோன்றும் முன்பே செலவு முழுவதும் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. ஜொனதன் புளோ என்பார் 2008இல் வெளியிட்ட ‘பிரெய்ட்’ என்னும் விளையாட்டுக்குத் தம் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் டொலரைச் செலவிட்டதாகக் கூறியுள்ளார். எரிக் பரோன் என்பார் ‘ஸ்டார்டியூ வலி’ என்னும் விளையாட்டின் நிகழ்நிரல், சித்திரம், இசை, உரையாடல் அனைத்தையும் தனியொருவராக நான்கரை ஆண்டுகள் உழைத்து ஆக்கி 2016 பெப்ரவரியில் வெளியிட்டார். அக்காலத்தில் அவர் சியாட்டில் நகர அரங்கொன்றில் பகுதிநேர ஊழியராகவும் பணியாற்றினார். இத்தகைய உழைப்பு எல்லைச் செலவு என்ற கணக்கில் எங்கும் தோன்றுவதில்லை. தோன்றாத காரணத்தால் அது நிகழவில்லை என்றாகிவிடாது.

இதனை எளிய கணக்கொன்றினால் விளக்கலாம். இருவர் இரண்டாண்டுகள் உழைத்து விளையாட்டொன்றை ஆக்குகின்றனர் எனக் கொள்வோம். ஒருவருக்கு மாதமொன்றுக்கு 1,500 டொலர் வாழ்க்கைச் செலவு எனின் மொத்தம் 72,000 டொலர். இசை, மொழிபெயர்ப்பு, கருவிகள் ஆகியவற்றுக்கு 8,000 டொலரைச் சேர்ப்பின் 80,000 டொலராகும். விலைக்கழிவு, வரி, பிறநாட்டுக் குறைவிலை, திருப்பியளித்தல் ஆகியவை போகக் குறித்த விலையில் 60 வீதமே சராசரியாகக் கைக்கு வரும் எனவும், அதில் 30 வீதத்தை விற்பனைத் தளம் எடுத்துக்கொள்ளும் எனவும் கொள்வோம். குறித்த விலை 15 டொலராயின் படைப்பாளருக்கு எஞ்சுவது பிரதியொன்றுக்கு 6.30 டொலர், செலவை மீட்க ஏறத்தாழ 12,700 பிரதிகள் விற்றல் வேண்டும். விலை 5 டொலராயின் எஞ்சுவது 2.10 டொலர், விற்கவேண்டிய பிரதிகளோ ஏறத்தாழ 38,100.

எனவே விலையை மூன்றிலொன்றாகக் குறைப்பவர், வாங்குவோர் தொகை மூன்று மடங்காகும் என்று பந்தயம் கட்டுகின்றார். கேள்வி நெகிழ்ச்சி மிகுந்த பண்டமாயின் அப்பந்தயம் வெல்லக்கூடும். ஆயின் சுயாதீன விளையாட்டுகளுட் பல குறித்த சுவையுடைய சிறு கூட்டத்தினருக்காகவே ஆக்கப்படுபவை. நுணுக்கமான போர்த்தந்திர விளையாட்டை விரும்பாதவர் அது 20 டொலராயினும் 5 டொலராயினும் வாங்கார்; விரும்புபவரோ 20 டொலர் கொடுக்கவும் பின்னில்லார். அத்தகைய ஆக்கத்தின் விலையைத் தாழ்த்துவது, வாங்க விரும்பியவரிடமிருந்து கிடைக்கவேண்டிய வருவாயைக் கைவிடுவதாக மட்டுமே முடியும்.

2. விலை வீழ்ந்த வரலாறு

சுயாதீன விற்பனை இணையத்தோடு பிறந்த ஒன்றன்று. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அப்போஜி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்கொட் மில்லர் புதிய விற்பனை முறையொன்றைக் கையாண்டார். விளையாட்டின் முதற் பாகத்தை எவரும் இலவசமாகப் படியெடுத்துப் பரப்பலாம். எஞ்சிய பாகங்களை வேண்டுவோர் தபால்மூலம் பணமனுப்பிப் பெறுதல் வேண்டும். 1993 டிசெம்பரில் ஐடி சொஃப்ட்வெயர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ இம்முறையில் உலகப் புகழ் பெற்றது. சியாட்டிலில் 1994 முதல் ஜெஃப் வோகல் என்பார் நடத்திவரும் ஸ்பைடர்வெப் சொஃப்ட்வெயர் என்னும் சிறு நிறுவனமும் இம்மரபில் வந்ததே. ஆடம்பரச் சித்திரங்கள் அற்ற, கதைவளம் மிக்க விளையாட்டுகளைச் சிறியதொரு வாசகர் வட்டம் போன்ற கூட்டத்தினருக்கு விற்றே அந்நிறுவனம் முப்பதாண்டுகளாக நிலைத்து வந்துள்ளது. இடைத்தரகர் இல்லாமையும், தமக்குரிய நுகர்வோர் யாவர் என்ற தெளிவும் அம்முறையின் பலமாக அமைந்தன.

இந்நிலை 2000களின் பிற்பகுதியில் மாறியது. வால்வ் கம்பனி 2003இல் தொடங்கிய ‘ஸ்டீம்’ என்னும் விற்பனைத் தளம் 2005 முதல் பிறரது ஆக்கங்களையும் விற்கத் தலைப்பட்டது. அப்பிள் நிறுவனம் 2008 யூலையில் கைத்தொலைபேசிகளுக்கான செயலிக் கடையைத் திறந்தது. முன்னர் கடைகளின் வாயிலைக்கூட மிதிக்கவியலாதிருந்த சிறு படைப்பாளர் உலகச் சந்தையை அடைந்தனர். இது மறுக்கவியலாத நன்மையாகும். ஆயின் வாயில் அகன்றதும் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதும் விலை வீழ்ந்தது. கைத்தொலைபேசிச் சந்தையில் சில ஆண்டுகளுக்குள்ளேயே 99 சதம் என்பது வழக்கமான விலையாயிற்று; பின்னர் அதுவும் அற்று, இலவசமாகக் கொடுத்து உள்ளே பணம் பறிக்கும் முறை மேலோங்கியது.

2014இல் நிகழ்ந்த ஒன்று இதன் தன்மையை நன்கு புலப்படுத்தும். ‘திறீஸ்’ என்னும் எண் விளையாட்டை அதன் படைப்பாளர் ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் செதுக்கி, அவ்வாண்டு பெப்ரவரியில் 1.99 டொலருக்கு வெளியிட்டனர். சில வாரங்களில் அதனைப் போன்மை செய்த விளையாட்டுகள் முளைத்தன. அவற்றின் வழிவந்ததும், இத்தாலிய இளைஞர் ஒருவர் வாரவிடுமுறையொன்றில் ஆக்கி மார்ச்சில் இலவசமாக வெளியிட்டதுமான ‘2048’ மூல ஆக்கத்தின் புகழையே மறைத்தது. விலையில் மட்டும் போட்டியிடுவோர் இறுதியில் சூனியத்தோடு போட்டியிட நேரும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்ற முறையும் இக்காலத்தில் பரிசோதிக்கப்பட்டது. ‘வேர்ல்ட் ஒஃப் கூ’ என்னும் விளையாட்டை ஆக்கிய இருவர், அது வெளிவந்து ஓராண்டு நிறைந்த 2009 ஒக்டோபரில், வழமையாக 20 டொலருக்கு விற்ற ஆக்கத்தை நுகர்வோர் குறிக்கும் விலைக்கே கொடுத்தனர். ஒரு வாரத்துள் ஏறத்தாழ 57,000 பேர் பெற்றுக்கொண்டனர். சராசரி விலையோ 2 டொலரை ஒட்டியே நின்றது. ஒரு சதம் மட்டும் செலுத்தியோரும் ஆயிரக்கணக்கினர். இதனைத் தோல்வியென்று கொள்வதற்கில்லை. முழு விலை கொடுக்கக்கூடியோர் அதற்கு முந்திய ஓராண்டில் வாங்கி முடித்திருந்தனர். அவர்கள் வாங்கிய பின்னரே கதவு அகலத் திறக்கப்பட்டது என்பது இங்கு ஊன்றி நோக்கற்பாலது.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் இவ்விளையாட்டையும் வேறு சில சுயாதீன ஆக்கங்களையும் சேர்த்து ‘ஹம்பிள் இன்டி பண்டில்’ என்னும் பொதி விற்கப்பட்டது. விலையை நுகர்வோரே குறித்தனர். அப்பணம் படைப்பாளருக்கும் தரும நிறுவனங்களுக்கும் எவ்வாறு பங்கிடப்படல் வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். 1,38,000க்கு மேற்பட்டோர் செலுத்திய தொகை 12 இலட்சத்து 70 ஆயிரம் டொலர் அளவினது. சராசரி 9 டொலருக்குச் சற்றுக் கூடியது. பொதியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்கங்கள் இருந்தமை சராசரி உயர்ந்ததற்கு ஒரு காரணம். ஆயினும் தம் பணம் யாரைச் சென்றடைகின்றது என்பதை வாங்குவோர் கண்டு கொடுத்தமையும் அதற்குத் துணைநின்றது எனலாம்.

3. விலை குறித்தலின் நெறிகள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, விலை தாழ்விலிருந்து உயர்வதை விட உயர்விலிருந்து தாழ்வது எளிது. வெளியீட்டு நாளில் 20 டொலர் குறித்தவர் ஈராண்டின் பின் 10 டொலருக்கு இறங்கலாம். 5 டொலரில் தொடங்கியவர் 10 டொலருக்கு ஏறின் கண்டனம் எழும். ஆக்கத்தில் மிகுந்த ஆர்வமுடையோர் முதலிலும், சிறிது ஆர்வமுடையோர் பின்னரும், வசதி குறைந்தோர் அதற்குப் பின்னரும் வாங்கும் வகையில் விலை காலப்போக்கில் படிப்படியாகத் தாழ்தல் நன்று. பொருளியலாளர் விலை வேறுபடுத்தல் என்று கூறும் முறை இதுவே.

இரண்டாவது, முற்றுப்பெறாத ஆக்கத்தை விற்கும்போது இந்நெறி தலைகீழாகும். மார்க்கஸ் பேர்சன் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை 2009இல் ஆரம்ப நிலையிலேயே 9.95 யூரோவுக்கு விற்றார். 2010 டிசெம்பரில் 14.95 யூரோவாகவும், 2011 நவம்பரில் நிறைவுற்றபோது 19.95 யூரோவாகவும் விலை உயர்ந்தது. குறையுள்ள பொருளை நம்பி முன்னரே வாங்கியவர் குறைந்த விலையால் நன்மை பெற்றார். விலை உயரும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தமையால் எவரும் ஏமாற்றப்படவில்லை.

மூன்றாவது, விலைக்கழிவு மருந்து போன்றது, உணவாகிவிடலாகாது. ஸ்டீம் தளத்தில் ஆக்கமொன்றை விருப்பப் பட்டியலிற் சேர்த்தோருக்கு, 20 வீதமோ அதற்கு மேலோ கழிவு வழங்கப்படும்போது அறிவித்தல் செல்லும். எனவே கழிவு என்பது ஒருவகை விளம்பரமுமாகும். ஆயின் அடிக்கடி கழிவு கொடுப்பவர், ‘பொறுத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும்’ என்று நுகர்வோருக்குக் கற்பித்துவிடுகின்றார். பிராக் நகரின் வூபே நிறுவனம் இதற்கு மறுதலையாக, ‘ஃபக்டோரியோ’ என்னும் தன் ஆக்கத்துக்கு ஒருபோதும் கழிவு கொடுப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே அறிவித்துள்ளது. அதன் விலை 2018இல் 20 டொலரிலிருந்து 30 ஆகவும், பணவீக்கத்தைக் காரணங்காட்டி 2023 ஜனவரியில் 35 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் முடிவுக்குள் 35 இலட்சம் பிரதிகள் விற்பனையாகியிருந்தன. எல்லோராலும் பின்பற்றக்கூடிய வழி இதுவன்று. எனினும் கழிவின்றி வாழ்வில்லை என்ற பொதுக் கருத்து இயற்கை விதியன்று என்பதற்கு இது சான்றாகும்.

நான்காவது, பிறரது வெற்றியின் விலை நமக்கு அளவுகோலாகாது. 2025 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் டீம் செரி குழுவினர் ‘சில்க்சோங்’ விளையாட்டை 20 டொலருக்கு வெளியிட்டபோது, ‘அதுவே 20 டொலராயின் இதற்கு ஏன் அவ்வளவு?’ என்று நுகர்வோர் வினவுவர் எனச் சிறு படைப்பாளர் சிலர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமற்றதன்று. ஆயின் அக்குழுவினரின் முந்திய ஆக்கம் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றது. கோடிக்கணக்கில் விற்கக்கூடியவருக்கு 20 டொலர் நிறைவான விலை. ஐயாயிரம் பிரதிகளே விற்கக்கூடியவர் தம் கணக்கைத் தாமே போடுதல் வேண்டும். அவ்வாறே, 2021 டிசெம்பரில் 2.99 டொலருக்கு வந்து பெருவெற்றி பெற்ற ‘வம்பயர் சவைவர்ஸ்’ என்ற ஆக்கத்தைக் காட்டி மலிவே வழியென வாதிடுவோரும் உளர். அது சிறு செலவில் ஆக்கப்பட்டு, மிகப் பரந்த கூட்டத்தினரை எட்டிய ஒன்று. இவ்விரு நிபந்தனைகளும் ஒருங்கே அமைதல் அரிது.

ஐந்தாவதும் முக்கியமானதுமான நெறி, விலையோடு ஆக்கத்தின் பருமனையும் சேர்த்துத் தீர்மானித்தல் வேண்டும் என்பது. ஸ்டீம் தளத்தில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. மேலே பெயர் சுட்டப்பட்டவை விதிவிலக்குகளே. பெரும்பாலானவை செலவை மீட்பதில்லை. ஐயாயிரம் பிரதிகளை மட்டும் எதிர்பார்க்கக்கூடியவர் முற்கூறிய கணக்கின்படி 15 டொலர் விலையில் 31,500 டொலரே பெறுவார். பிற செலவுக்கு 4,500 டொலர் ஒதுக்கின், இருவர் ஒன்பது மாதம் உழைப்பதற்கே அது போதுமானது. அவர்கள் இரண்டாண்டு வேலையைத் தொடங்குவார்களாயின் விலை எதுவாயினும் நட்டமே விளையும். இதனாலேயே விலைபற்றிய சிந்தனை ஆக்கம் முடிந்தபின் எழும் ஒன்றாக இருத்தலாகாது. ஆக்கத்தின் தொடக்கத்திலேயே அது எழுதல் வேண்டும்.

இலவசமாகக் கொடுத்து நன்கொடை பெறுவதை இலட்சியமாகக் கொண்டோரும் உளர். அவர்களுள் தலைசிறந்தோர் ‘டுவாஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற விளையாட்டை 2006 முதல் இலவசமாக வழங்கி, வாசகர் நன்கொடையால் வாழ்ந்துவந்த அடம்ஸ் சகோதரர்கள். வயது செல்லச் செல்ல, அமெரிக்காவில் மருத்துவச் செலவுபற்றிய அச்சம் அவர்களை வாட்டியது. இக்காரணத்தை வெளிப்படையாகக் கூறியே, விலைக்கு விற்கும் பதிப்பொன்றை ஆக்கவிருப்பதாக அவர்கள் 2019இல் அறிவித்தனர். 2022 டிசெம்பரில் 29.99 டொலருக்கு வெளிவந்த அப்பதிப்பு ஏறத்தாழ ஒரு மாதத்துள் ஐந்து இலட்சம் பிரதிகளை அண்மித்தது. பழைய இலவசப் பதிப்பும் தொடர்ந்து கிடைத்துவருகின்றது. பதினாறு ஆண்டுக்கால உழைப்பின் பெறுமதியை மக்கள் அறிந்திருந்தனர். அதைச் செலுத்துவதற்கு உரியதொரு வழி அதுகாறும் திறக்கப்படாதிருந்தது என்பதே இதன் பொருள்.

4. தளங்களும் தரகும்

விலையை யார் குறிப்பினும் அதில் ஒரு பங்கைத் தளத்தின் உரிமையாளர் பெறுகின்றார். ஸ்டீம் தளத்தின் வழமையான பங்கு 30 வீதம். 2018இன் பிற்பகுதியில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, ஆக்கமொன்றின் வருவாய் 1 கோடி டொலரைத் தாண்டின் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 வீதமும், 5 கோடியைத் தாண்டின் 20 வீதமும் மட்டுமே அறவிடப்படும். வருவாய் பெருகப் பெருக வரிவீதம் உயர்வதே நவீன அரசுகளின் நெறி. இங்கோ அது தாழ்கின்றது. பெருங் கம்பனி 20 வீதம் செலுத்த, தனியொருவர் 30 வீதம் செலுத்துகின்றார்.

போட்டித் தளங்களின் வரவு சிறிது நெகிழ்வை ஏற்படுத்தியுள்ளது. எப்பிக் கேம்ஸ் நிறுவனம் 2018 டிசெம்பரில் 12 வீதப் பங்குடன் கடை திறந்தது. 2025 யூன் முதல், ஒவ்வோர் ஆக்கமும் ஆண்டொன்றில் ஈட்டும் முதல் 10 இலட்சம் டொலருக்குப் பங்கு எதனையும் அறவிடுவதில்லை. 2013இல் தொடங்கிய ‘இட்ச்’ என்ற தளத்தில், தளத்துக்கு எத்தனை வீதம் கொடுப்பது என்பதை 2015 முதல் படைப்பாளரே தீர்மானிக்கின்றார். குறித்த விலைக்கு மேலாக விரும்பியதைக் கொடுக்கவும் நுகர்வோருக்கு அங்கு வழியுண்டு. ஆயினும் நுகர்வோரிற் பெரும்பாலோர் ஸ்டீம் தளத்திலேயே குழுமியிருத்தலால், சிறு படைப்பாளர் அதனை முற்றாகத் தவிர்த்தல் அரிது.

எனவே நடைமுறையில் செய்யத்தக்கது, பெருந்தளத்தைப் பயன்படுத்திக்கொண்டே அதனை முழுவதுஞ் சாராதிருத்தல். தமக்கெனத் தனி இணையப் பக்கம், வாசகரின் மின்னஞ்சற் பட்டியல், நேரடி விற்பனை ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே பேணுதல் வேண்டும். ஸ்டீம் தளத்துக்கான திறப்பு எண்களைப் படைப்பாளர் தம் பக்கத்தில் நேரடியாக விற்கலாம். அவ்விற்பனையில் தளம் பங்கு கேட்பதில்லை. ஆயின் பிற இடங்களில் ஸ்டீம் நுகர்வோருக்குக் கிடைப்பதைவிடச் சிறந்த சலுகை கொடுக்கலாகாது என்ற நிபந்தனை அதனோடு இணைந்துள்ளது. இத்தகைய கட்டுப்பாடுகள் போட்டியை நசுக்குகின்றன எனக் குற்றஞ்சாட்டி, முற்கூறிய பொதி விற்பனையின் மூலவர்களான வூல்ஃபயர் நிறுவனத்தார் 2021இல் வால்வ் கம்பனிக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றில் வழக்குத் தொடுத்தனர். 2024இல் அது படைப்பாளர் பலரின் சார்பான கூட்டு வழக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது. படைப்பாளர் தாமே விலையைக் குறிக்கின்றார் என்பது எவ்வளவிற்கு உண்மை என்பதே அவ்வழக்கின் அடிப்படை வினா.

திருப்பியளித்தல் விதியும் கவனத்துக்குரியது. 2015 யூன் முதல், வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள்ளும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும் ஆடியவர் பணத்தைத் திரும்பப் பெறலாம். நுகர்வோருக்கு இது நியாயமானதே. ஆயின் ஒன்றரை மணி நேரத்தில் முடிவடையும் சிறுகதை போன்ற ஆக்கமொன்றை முழுவதும் ஆடிவிட்டுப் பணத்தை மீளப் பெறவும் இவ்விதி இடந்தருகின்றது. இவ்வாறு ஆக்கத்தின் நீளமே விற்பனை விதியால் தூண்டப்படுகின்றது; பொருளாதார அமைப்புக் கலையின் வடிவத்தைப் பாதிக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. நாடுகளும் விலைகளும்

ஒரே விலையை உலகெங்கும் குறிப்பது சமத்துவம் போலத் தோன்றினும் உண்மையில் அது சமத்துவமன்று. அமெரிக்கத் தொழிலாளி ஒருவர் ஒரு மணி நேர ஊதியத்தில் வாங்கக்கூடிய விளையாட்டுக்கு, ஏழை நாடொன்றின் தொழிலாளி பல நாட்கள் உழைத்தல் வேண்டும். நாணய மாற்று வீதம் சரியும்போது இவ்வேற்றுமை மேலும் கூர்மையடையும். இலங்கையில் 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. 15 டொலர் விளையாட்டொன்றின் விலை, படைப்பாளர் எதுவுஞ் செய்யாமலே, ஏறத்தாழ 3,000 ரூபாவிலிருந்து 5,400 ரூபாவாயிற்று.

பிரதியின் எல்லைச் செலவு சூனியம் என்ற உண்மை இங்குதான் உரிய பயனைத் தருகின்றது. வறிய நாட்டில் 5 டொலருக்கு விற்ற பிரதி செல்வ நாட்டில் 15 டொலருக்கு விற்ற பிரதியைக் குறைத்துவிடுவதில்லை. விற்கப்படாதிருக்கக்கூடிய ஒன்று விற்கப்படுகின்றது. எனவே நாட்டுக்கு நாடு விலையை வேறுபடுத்துதல் நீதியும் இலாபமும் ஒருங்கே இசையும் அரிய இடமாகும். இம்முறையிலும் இடர்ப்பாடு உண்டு. ஆர்ஜென்ரீனாவிலும் துருக்கியிலும் உள்நாட்டு நாணயம் தொடர்ந்து வீழ்ந்தபோது அங்கு விலை மிகத் தாழ்ந்தது. வேற்று நாட்டார் அந்நாட்டினர் போல் நடித்து வாங்கினர். 2023 நவம்பரில் ஸ்டீம் தளம் அவ்விரு நாடுகளிலும் டொலர் விலைக்கு மாறியதும் பல ஆக்கங்களின் விலை அங்கு பன்மடங்காயிற்று. பிறர் செய்த ஏமாற்றுக்குத் தண்டம் செலுத்தியோர் அந்நாட்டு மாணவரும் தொழிலாளருமே. தளம் பரிந்துரைக்கும் விலைகளை அப்படியே ஏற்காது, ஆண்டுக்கொரு முறையேனும் அவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பது படைப்பாளரின் கடமையாகும்.

6. தனியொருவரும் கூட்டு வலிமையும்

இதுகாறும் கூறப்பட்டவை தனிப் படைப்பாளர் தாமே செய்துகொள்ளக்கூடியவை. ஆயின் விலைப் பிரச்சினையின் ஒரு பகுதி தனியொருவரின் சாமர்த்தியத்துக்கு அப்பாற்பட்டது. 2023 செப்ரெம்பரில், சிறு படைப்பாளர் பெரிதும் பயன்படுத்தும் கருவியான ‘யூனிற்றி’யை உடைய நிறுவனம், வருவாயும் நிறுவல்களும் குறித்த எல்லையைக் கடந்தபின் ஒவ்வொரு நிறுவலுக்கும் 20 சதம் வரை அறவிடப்போவதாக அறிவித்தது. 30 டொலருக்கு விற்பவருக்கு 20 சதம் சிறு தொகை. ஒரு டொலருக்கு விற்பவருக்கோ இலவசமாகக் கொடுப்பவருக்கோ அது பேரிடி. விலையை மலிவாக்கியவர் எத்துணைப் பலவீனமான தளத்தில் நிற்கின்றார் என்பதை அவ்வறிவிப்பு ஒரே நாளில் உணர்த்தியது. படைப்பாளர் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். பலர் வேறு கருவிகளுக்கு மாறத் தொடங்கினர். அம்மாதமே திட்டம் தளர்த்தப்பட்டது. 2024 செப்ரெம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டது. தனித்தனியே எழுதிய முறைப்பாடு எதுவும் இதனைச் சாதித்திருக்க முடியாது.

உற்பத்தி முறையிலும் மாற்று வழிகள் உள. பிரான்சின் போர்தோ நகரிலுள்ள மோஷன் ட்வின் என்னும் குழு தொழிலாளர் கூட்டுறவாக அமைந்தது. அங்கத்தவர் அனைவருக்கும் சம ஊதியமும் சம வாக்கும் என்பதே அதன் நெறி. அக்குழு ஆக்கி 2018இல் முழுமையாக வெளியிட்ட ‘டெட் செல்ஸ்’ பல இலட்சம் பிரதிகள் விற்றது. கூட்டுடைமை கலைத்தரத்துக்கோ சந்தை வெற்றிக்கோ தடையாகும் என்பார்க்கு இது தக்க மறுமொழியாகும். 2020 யூனில் இட்ச் தளத்தில் ஆயிரக்கணக்கான ஆக்கங்களைப் படைப்பாளர் தாமாக ஈந்து அமைத்த பொதி, குறைந்தது 5 டொலர் என்ற விலையில், இன நீதிக்கான அமைப்புகளுக்காக 80 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. தம் ஆக்கத்தை மலிவாக்குவதற்கும் ஓர் இலட்சியத்துக்காக ஈவதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அப்படைப்பாளர் நன்கறிந்திருந்தனர். முன்னையது போட்டியின் அச்சத்தாற் பிறப்பது. பின்னையது சுதந்திரமான முடிவாற் பிறப்பது.

தொகுத்து நோக்கின், சுயாதீனப் படைப்பாளர் தம் நுகர்வோர் யாவர், எத்தனை பேர் என்பதை ஆக்கத்துக்கு முன்னரே மதிப்பிடல் வேண்டும். அம்மதிப்பீட்டுக்கேற்ப ஆக்கத்தின் பருமனை வரையறுத்தல் வேண்டும். உழைப்புக் காலத்தை ஈடுசெய்யும் விலையைக் கூச்சமின்றிக் குறித்தல் வேண்டும். கழிவைக் காலம் பார்த்துக் கொடுத்தல் வேண்டும். வறிய நாடுகளின் விலையைத் தனியே கருதுதல் வேண்டும். நேரடி விற்பனைக்கான வழியைப் பேணுதல் வேண்டும். தளங்களோடும் கருவி நிறுவனங்களோடும் பேரம் பேசுங்கால் சக படைப்பாளருடன் இணைந்து நிற்றல் வேண்டும்.

தம் உழைப்புக்குக் குறைந்த விலை குறிப்பது பணிவென்றும் மக்கள் சார்பென்றும் சிலர் கருதுகின்றனர். வாங்குவோர் அனைவரும் ஏழைகளல்லர். விற்போர் பலரும் செல்வர்களல்லர். வருவாய் அற்ற படைப்பாளர் ஒருவர் பெருங் கம்பனியின் கூலியாளாகத் திரும்பும்போது மக்கள் இழப்பது அவர் ஒருவரை மட்டுமன்று. அவர் ஆக்கியிருக்கக்கூடிய, கம்பனி ஒருபோதும் ஆக்க அனுமதிக்காத படைப்புகளையும் இழக்கின்றனர். அப்படைப்புகளுக்குரிய காலத்தைக் காப்பதே நியாயமான விலையின் பணியாகும்.